மேலே இருக்கும் பள்ளி

அன்று மெதடிஸ்ட் கோயில் கூடத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு பிற்பாடு யாரும் வரக்கூடாது.

கல்வித் துறையின் மாவட்ட அலுவலர் மதிகானே. அவரோடு பேச்சுப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்த யாண்டா என்ற பெண். எங்கள் பள்ளியின் ஆசிரியை மண்டிசா. ஆற்றுக்கு அக்கரைப் பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவர் சீபி. எங்கள் ஊர்த்தலைவர் வூயோ. எங்கள் பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவி நோபந்து. இவள் என் மகன் லுந்தியின் மனைவி. எங்கள் ஊர்த் தாய்மார்களில் நோவெத்து, நோசகேலே, நோஃபிகிலே. நோஃபிகிலேயின் முதுகில் கட்டியிருந்த குழந்தை. அது கடைசிவரை தூங்கியது. பிறகு நான். என் குலப்பெயர் டோலோ. ஊரில் என்னை அப்படித்தான் அழைப்பார்கள்.

வேறு யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன் என்று சொல்கிறவர்களும் கேட்கவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

என் தந்தையின் பெயர் மெலும்சி. வீட்டுக்காக நில் என்பது அதன் பொருள். தன் மேய்ச்சல் நிலத்தின் உச்சியைக் கொடுத்து, எருதுகள் பூட்டிய சறுக்குவண்டியில் ஆற்றுக்கல்லை மேலே இழுத்து, எங்கள் பள்ளியைக் கட்டியவர் அவர். அப்போதைய அரசாங்கம் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பிறகு வந்த அரசாங்கம் கூரைத் தகடும் ஆசிரியரும் கொடுத்தது. பலகையில் அவர் பெயரை எழுதிப் பள்ளியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

அந்தப் பெயரை நான் சொல்லலாம். நான் மகன். எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் சொல்லமாட்டார்கள். பெயரை மட்டுமல்ல, பெயருக்குள் இருக்கும் சொற்களையும் நாவில் எடுக்கமாட்டார்கள். வீட்டைக் குறிக்க அவர்களிடம் வேறு சொல் உண்டு. ஒருவருக்காக நிற்பதற்கும் வேறு சொல் உண்டு. எங்கள் குன்றில் குடியிருக்கும் அனைவரும் என் தந்தையின் வழிவந்தவர்கள். ஆண்கள் சுரங்கத்திலும் கேப் டவுனிலும் இருக்கிறார்கள். ஆகவே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார் எல்லோரும் அவர் வீட்டு மருமகள்களே. பள்ளி குன்றின் உச்சியில் நிற்பதால், அதை மேலே இருக்கும் பள்ளி என்று சொல்லிக்கொள்வார்கள்.

மேலே என்பதற்கு எங்கள் சொல் பெசூலு. அக்கரை ஊரின் பெயரும் அதுவே. அந்த ஊர்ப் பள்ளியின் பெயரும் அதுவே. எங்களுக்கு அதனால் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. அக்கரைப் பள்ளியை எங்கள் பெண்கள் சீபியின் பள்ளி என்பார்கள்.

மதிகானே கோப்பைத் திறந்து மேசையில் வைத்தார். நல்ல காலணி போட்டிருந்தார். அதில் ஆற்றுச்சேறு ஏறியிருந்தது.

“சீக்கிரம் முடிச்சிருவோம். வானம் கருக்குது, நான் அந்தப் பாலத்து வழியாத் திரும்பணும்” என்றார்.

“அது பாலமா அய்யா? தண்ணிக்குள்ள போட்ட சிமெண்டுத் திட்டு. மழைன்னா முதல்ல முங்குறது அதுதான்” என்றாள் நோவெத்து. “இங்கயே தங்கிருங்க. சோளமும் பீன்ஸும் வெந்துக்கிட்டு இருக்கு. உங்க பொண்டாட்டிக்கு நாங்க போன் போட்டுச் சொல்லிடறோம்.”

பெண்கள் சிரித்தார்கள். மதிகானேயும் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. அதை நான் மறுக்கவில்லை.

பிறகு விதியைச் சொன்னார். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைத் தனித்தனியாக நடத்தத் துறையால் முடியாது. எங்கள் பள்ளி, அக்கரைப் பள்ளி, இரண்டில் ஒன்றை மூடி மற்றொன்றோடு சேர்க்கப் போகிறார்கள். எதை மூடுவது என்று முடிவு செய்யுமுன் பெற்றோரைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். பெற்றோர் சார்பில் குழுத் தலைவர் மட்டுமே பேசலாம். ஆசிரியர்கள் துறையின் ஊழியர்கள், அவர்கள் பேசக்கூடாது. எழுத்தில் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது. இன்று கருவியில் பதிவாகும் குரல்தான் மேலிடத்துக்குப் போகும்.

எழுத்தில் கொடுக்கும்படி ஓர் அறிவிப்பு வந்ததாம். எங்கள் குன்றுக்கு அது வரவில்லை.

நான் எழுந்து, வந்தவர்களுக்கு முறைப்படி வரவேற்பு சொல்லத் தொடங்கினேன். மதிகானே கையை உயர்த்தினார்.

“அப்பா, மன்னிக்கணும். உங்க பிள்ளை யாராவது இந்த ஸ்கூல்ல படிக்குதா?”

“என் பேத்தி படிக்கிறா. இந்தப் பள்ளியைக் கட்டினவரோட மகன் நான்.”

“பேத்தின்னா, அவளோட அம்மா பேசலாம். நீங்க உட்கார்ந்து கேளுங்க அப்பா.”

நான் உட்கார்ந்தேன். என்னை உட்காரச் சொன்ன சபையில் நான் இரண்டாம் முறை வாய் திறப்பதில்லை.

நோபந்து எழுந்தாள். தோளில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மாமனார் இருக்கும் இடத்தில் தோள் தெரியப் பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

“நீங்கதான் பிரதிநிதியா?” என்று கேட்டார் மதிகானே. பிரதிநிதிக்கு எங்கள் மொழியில் உள்ள சொல்லின் பாதி என் தந்தையின் பெயர்.

“நான் இவங்களுக்கு வாய், அய்யா” என்றாள்.

யாண்டா நிமிர்ந்து பார்த்தாள். நகரத்தில் வளர்ந்த பெண். “வாயா?”

“வாய்தான். காது நீங்க கொண்டாந்திருக்கீங்களே” என்று கருவியைக் காட்டினாள் நோசகேலே. மறுபடியும் சிரிப்பு.

நோபந்து சிரிக்கவில்லை. அவள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தாள். முதல்நாள் சமையலறையில் பானையைப் பார்த்து அவள் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அவள் மகள் லுலிபோ இரண்டாம் வகுப்பு. நெஞ்சு இழுக்கும் பிள்ளை. குளிர்காற்றில் நடந்தால் உதடு நிறம் மாறிவிடும். எங்கள் பள்ளி வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மண்டிசா டீச்சர் மேசை இழுப்பறையில் லுலிபோவின் மூச்சு மருந்து எப்போதும் இருக்கும். சீபியின் பள்ளிக்கு ஆற்றைக் கடந்து இன்னொரு குன்று ஏற வேண்டும்.

“இந்த ஆறு மழைக்காலத்துல யாரையும் கேட்டுக்கிட்டு வராது அய்யா. பெரியவங்களே அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா ராத்திரி அங்கதான். பிள்ளைங்களை இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு அனுப்பச் சொல்றீங்க. வேன் வரும்னு சொல்றீங்க. மருத்துவ வண்டியே வராத பாதையில பள்ளி வேன் எப்படி வரும்? என் பொண்ணுக்கு மூச்சு வாங்கும். அவ மூச்சு வாங்கும்போது ஓடி வர்ற தூரத்துல நான் இருக்கணும். அந்த ஸ்கூல மூடிடாதீங்க. அதோட ஒவ்வொரு கல்லும் மனுஷன் தோள் பட்டு வந்த கல்லு.”

நன்றாகப் பேசினாள். நான் பெருமைப்பட்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

“எந்த ஸ்கூல், அம்மா? பதிவுக்காகச் சொல்லிடுங்க” என்றார் மதிகானே.

“பெசூலு இருக்கிற ஸ்கூல் அய்யா.”

“பெசூலு?”

“ஆமா அய்யா. பெசூலு.”

யாண்டா எழுதிக்கொண்டாள்.

என் காதில் அது விழுந்தது. தவறாக எதுவும் படவில்லை. எங்கள் பெண்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. வூயோவுக்கும் படவில்லை. அவரும் டோலோ. மண்டிசா டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்துச் சீபியை அழைத்தார்கள். அவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

“நான் சொல்ல வேண்டியதெல்லாம் இந்தம்மாவே சொல்லிட்டாங்க. எங்க ஊர்ல இப்படி ஒரு வாய் இல்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மதிகானே தங்கவில்லை. தண்ணீர் ஏறுமுன் போய்விட்டார்.

குளிர்காலத்தில் பள்ளிக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். மண்டிசா டீச்சர் அதைப் பிரித்தெடுத்துப் படித்துக் காட்டினாள். மெலும்சி பள்ளியை மூடுவதற்குப் பெற்றோர் தரப்பில் ஆட்சேபம் எதுவும் பதிவாகவில்லை. பெசூலு பள்ளியை மூடக்கூடாது என்று வலுவான ஆட்சேபம் பதிவாகியிருக்கிறது. ஆகவே ஆண்டு இறுதியில் மெலும்சி பள்ளி மூடப்பட்டுப் பெசூலு பள்ளியோடு சேர்க்கப்படும்.

டீச்சர் எங்கள் மருமகள் அல்ல, ஆகவே என் தந்தையின் பெயரைச் சத்தமாகவே படித்தாள். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு கேட்டார்கள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. நோவெத்துவுக்குத்தான் முதலில் புரிந்தது.

“அடியே, நீ சீபிக்காகப் பேசிட்டு வந்திருக்கே!”

நோபந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க அங்கதானே இருந்தீங்க டீச்சர். உங்களுக்கு ரெண்டு பெசூலும் தெரியுமே” என்றாள்.

மண்டிசா அறிவிப்பைத் திரும்ப ஒட்டப் பார்த்தாள். பசை காய்ந்துவிட்டது. “பேசினா வேற ஊருக்கு மாத்திருவோம்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க நோபந்து. எனக்கும் வேலை வேணும். என்னையும் பெசூலுக்குத்தான் போட்டிருக்காங்க.”

நோபந்துவும் நானும் நகரத்துக்குப் போனோம். நான் என் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். பலர் ஏறும் டாக்சியில் முன்னால் இருந்த பெண்கள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

மதிகானே எங்களை நிற்கவைக்கவில்லை. நாற்காலி கொடுத்தார். நோபந்து நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பினார். நம்பவில்லை என்று ஊரில் சொல்வதும் சரியல்ல. யாண்டாவைக் கூப்பிட்டுப் பதிவை ஓடவிட்டார். நோபந்துவின் குரல் அந்தச் சிறிய அறையில் வந்தது. ஆறு, வேன், மூச்சு, கல். கடைசியில் பெசூலு. பிறகு பின்னணியில் ஒரு கைதட்டல். அதில் என் கையும் இருந்தது.

அவர் நெற்றியைத் தேய்த்தார்.

“எங்கம்மாவும் இப்படித்தான். எங்க தாத்தா பேருல உப்புன்னு வரும். சாகற வரைக்கும் உப்பைக் ‘கடல் மணல்’னுதான் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியலை.” கருவியைத் தள்ளி எங்கள் பக்கம் வைத்தார். “மேல்முறையீட்டுக் குழு கோப்பு இன்னைக்குச் சாயங்காலம் போகுது. குரல்ல பதிவானதைக் குரலாலதான் திருத்தலாம்னு இங்க விதி. இப்பவே ஒரு வரி. ‘நான் பேசினது இந்தப் பள்ளியைப் பத்தி’ன்னு பேரைச் சொல்லுங்க அம்மா. நான் கோப்போட கூடவே போறேன். எப்படியாவது நிறுத்திடலாம்.”

“நான் சொல்றேன்” என்றேன். “என் அப்பா பேரு. எனக்குச் சொல்ல உரிமை இருக்கு.”

“நீங்க பெற்றோர் இல்லை, டோலோ. உங்க குரலை அவங்க எடுக்கமாட்டாங்க.”

“அப்ப என் மகனை வரச் சொல்றேன்.”

“எப்ப வருவாரு?”

லுந்தி வேலை செய்யும் சுரங்கத்திலிருந்து வர இரவெல்லாம் பேருந்தில் உட்கார வேண்டும். அது மதிகானேவுக்கும் தெரியும். தவிர அவன் குழுவில் இல்லை.

“அவளே எழுதிக் கொடுத்தா?”

“எழுத்துக்கான காலம் முடிஞ்சிருச்சு. நானா வச்ச விதி இல்லை அப்பா.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இந்தக் கதவைச் சாத்திடறேன். யாண்டாவை வெளிய அனுப்பிடறேன். நீங்களும் வேணும்னா வெளிய நில்லுங்க. ஒரு சொல்லு. மெஷினுக்கு மாமனாரும் தெரியாது மருமகளும் தெரியாது.”

“மெஷினுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்” என்றேன்.

“நீங்க அனுமதி கொடுத்தா அவங்க சொல்லிடுவாங்க. உங்க முகத்தைத்தான் பாக்கறாங்க.”

அது உண்மை. நோபந்து என்னைப் பார்த்தாள். மருமகள் மாமனாரின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. அவள் கண்களின் நிறம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“அனுமதி என்னோடது இல்லை” என்றேன். “அதைக் கொடுக்க வேண்டியவர் எங்க மாட்டுப்பட்டி ஓரத்துல கல்லுக்குக் கீழ இருக்காரு. அவர் கிட்ட கேட்காம நான் கொடுத்தா, நான் கொடுத்ததா ஆகாது, திருடினதா ஆகும்.”

“அவரோட ஸ்கூலுக்காகத்தானே கேக்கறோம்!” மதிகானே மேசையைத் தட்டினார். “அவர் கட்டின ஸ்கூல்! அவர் பேத்தியோட பொண்ணு, பேரனோட பொண்ணு, யாரோ ஒருத்தி படிக்கற ஸ்கூல்!”

என் வீட்டுப் பெண் எதைச் சொல்லலாம் என்று இன்னொருவர் மேசையில் வைத்துப் பேரம் பேச நான் விடமாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஒரு பெயரை ஓர் அலுவலகத்துக்காக விட்டால், அடுத்த அலுவலகத்துக்காக விடுவதற்கு நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது.

கருவியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நோபந்து அதன் பக்கம் திரும்பினாள். அவள் உதடுகள் பிரிந்தன. மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த மூச்சும் பதிவாகியிருக்கும். பிறகு உதடுகளை மூடி, சால்வையைச் சரிசெய்துகொண்டு, எழுந்து கதவருகே போய் எனக்காக நின்றாள்.

மதிகானே தானாகவே விளக்கை அணைத்தார்.

திரும்பும் வழியில் அவள் ஒரே ஒரு முறை பேசினாள்.

“மாமா, லுலிபோவோட மூச்சு மருந்து தீர்ந்துபோச்சு. மருந்துக்கடைகிட்ட நிறுத்தச் சொல்லட்டுமா?”

“சொல்லு” என்றேன்.

வீட்டில் என் மனைவி மாட்லோமோ எல்லாவற்றையும், நோபந்து சொல்லக் கேட்ட நோவெத்துவிடமிருந்து தெரிந்துகொண்டிருந்தாள். எனக்குப் புளித்த பாலை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளும் அந்தப் பெயரைச் சொல்லாமலேயே கிழவியானவள்.

“அவ சொல்லலையாமே.”

“சொல்லலை.”

“நல்லா வளர்ந்த பொண்ணு” என்றாள். பிறகு, “இனிமே உங்கப்பா எழுந்து வந்து பாடம் நடத்துவாரா?” என்றாள். பாதிக்குமேல் இருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் குடித்து முடிக்குமுன் அவள் கிண்ணத்தை எடுத்தது அதுதான் முதல் தடவை.

ஆண்டு இறுதியில் பள்ளியைப் பூட்டினார்கள். பெயர்ப்பலகையைக் கழற்ற வந்தவர்கள் அதை எங்கே போடுவது என்று கேட்டார்கள். நான் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, எழுத்து சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தேன். பெண்கள் நடமாடும் வீடு.

நோபந்து சும்மா இருக்கவில்லை. புது ஆண்டில் எங்கள் வட்டக் குடிசையைக் கழுவி, பாய் விரித்து, சிறிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தாள். அவள் பள்ளி இறுதி வகுப்பு முடித்தவள். காலையில் பிள்ளைகள் பாடும் சத்தம் கேட்டது. என் மனைவி பெரிய பானையில் கஞ்சி வைத்தாள். அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் பேசினார்கள்.

அதற்கும் ஆள் வந்தது. இந்த முறை மதிகானே இல்லை. ஓர் இளைஞன், கழுத்தில் அடையாள அட்டை. குடிசை வாசலில் குனிந்து எட்டிப் பார்த்தான்.

“இது என்ன?”

“பாட்டு” என்றாள் நோவெத்து. “நின்னு கேட்டுட்டுப் போ தம்பி. காசு கேக்கமாட்டோம்.”

அவன் சிரிக்கவில்லை. பதிவில்லாமல் பள்ளி நடத்துவது குற்றம் என்றான். தன் பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்க வேண்டுமானால் நோபந்து மனு போடலாம். துறை வந்து பார்த்து அனுமதி கொடுக்கும். ஆனால் பிறர் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் அது பள்ளி. பள்ளியென்றால் பதிவு வேண்டும், கழிப்பறை வேண்டும், வேலி வேண்டும், தகுதி பெற்ற ஆசிரியர் வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் மீதும் நடவடிக்கை உண்டு.

“மேல அதெல்லாம் இருக்கே தம்பி” என்றாள் நோபந்து. “வேலி இருக்கு. கழிப்பறை இருக்கு. பூட்டி வச்சிருக்கீங்க.”

“அது மூடின பள்ளி அம்மா.”

“அதான் சொல்றேன்.”

அவனுக்குப் புரியவில்லை. புரியாமலேயே ஒரு தாளில் வூயோவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். மற்றத் தாய்மார் பயந்துவிட்டார்கள். லுலிபோவை மட்டும் வைத்துக்கொண்டு குடிசையில் உட்கார்ந்து பாடினால் அது பள்ளியாகாது என்று அவளே சொன்னாள். ஆகவே லுலிபோவும் வேனுக்குப் போனாள்.

வேன் வந்தது. வரவேயில்லை என்பவர்கள் பொய் சொல்கிறார்கள். தரை காய்ந்த நாட்களில் வந்தது. ஈரமான நாட்களில் பாதி வழியில் நின்று ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பியது. அது நிற்கும் இடத்துக்குப் பிள்ளைகள் ஓடினால் ஏற்றிக்கொள்ளும். ஓடக்கூடிய பிள்ளைகள் ஓடினார்கள்.

ஒரு சாரல் நாளில் லுலிபோவும் ஓடினாள். வேன் திரும்பிப் போய்விட்டது. நோபந்து விறகுக்குப் போயிருந்தாள். மூச்சு மருந்து மண்டிசாவின் இழுப்பறையில் இருந்தது. அந்த இழுப்பறை இப்போது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. வூயோதான் பாதையோரப் புல்லில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். உதடு நீலமாகியிருந்தது. மருத்துவமனைக்குப் போகச் சிமெண்டுத் திட்டில் தண்ணீர் வடியும்வரை இக்கரையில் உட்கார்ந்திருந்தோம். வூயோவின் பிக்கப் வண்டியில் பிள்ளை என் மடியில் கிடந்தது. ஒவ்வொரு மூச்சும் ஒரு கதவைத் தள்ளித் திறப்பது போல வந்தது. நோபந்து கண்ணாடி வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மறுபடி வழக்கப்படி இருந்தாள்.

பிள்ளை பிழைத்துவிட்டது.

மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்தில் நோபந்து என் முன்னால் மண்டியிட்டாள். தோளில் சால்வை. தரையைப் பார்த்துப் பேசினாள்.

“மாமா, லுந்தி கிட்ட பேசிட்டேன். எங்கக்கா கேப் டவுன்ல கயெலிட்சாவுல இருக்கா. அவ வீட்டுக்குப் பக்கத்துலயே ஸ்கூல். லுலிபோவைக் கூட்டிக்கிட்டுப் போறேன். எனக்கு வழி விடணும்.”

“எத்தனை நாளைக்கு?”

“படிச்சு முடியற வரைக்கும்.”

அவள் கேட்டதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வந்தவள், இந்த வீட்டில் அதை ஒருநாளும் அணையவிடாதவள்.

“போ” என்றேன்.

அவள் எழுந்தாள். கதவருகே சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்த பலகையைத் தாண்டும்போது, அதன் பின்புறத்தில் படிந்திருந்த தூசியை சால்வை நுனியால் துடைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஆண்டு நோஃபிகிலே போனாள். பிறகு நோசகேலே. இப்போது எங்கள் குன்றில் புகை வருவது எங்கள் வீட்டிலும் வூயோவின் வீட்டிலும்தான். நோவெத்து எங்கள் கடற்கரை நகரமான ஈஸ்ட் லண்டனில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள் என்று கேள்வி. பள்ளியின் கூரைத் தகடுகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவர் நிற்கிறது, ஆற்றுக்கல். உள்ளே ஆடுகள் படுத்துக்கொள்கின்றன. சீபியின் பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். அதையும் எதோடோ சேர்க்கப் போவதாகச் சொல்கிறார்கள். கூட்டம் போட்டால், அவர் பேச வேண்டியதைப் பேச இந்த முறை யாரும் இல்லை.

என் மனைவி இரண்டு பேருக்குச் சமைக்கிறாள். கிண்ணத்தை முறைப்படி வைக்கிறாள், முறைப்படி எடுக்கிறாள். லுந்தி விடுமுறைக்குக் கேப் டவுனுக்குப் போகிறான். போன ஈஸ்டருக்கு லுலிபோ போனில் பேசினாள். அந்தப் பள்ளிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை.

அக்கரையில் ஒரு பேச்சு உலவுகிறது. மாவட்ட அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நோபந்து அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள், அதனால்தான் நான் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றினேன் என்று. போன மாதம் ஒரு சாவு வீட்டில் இதை என் காதுபடவே சொன்னார்கள்.

நான் அவளை வெளியேற்றவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. அவள் சொல்லவில்லை.